சிங்கப்பூரில் நம் பேட்டைத் தமிழ்க் குடும்பங்களுக்கு: தேங்காய்ப் பால் வாங்கப் போன பிள்ளையைப் பற்றி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், ஆன்ட்டி, அங்கிள் அனைவருக்கும்,

வணக்கம். பொங்கல் வேலைகளுக்காக நாம் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு படம் வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். பின்னாலிருந்து எடுத்த படம். இரட்டைச் சடை, கையில் மஞ்சள் துணிப்பை. அதன் கீழே ஒரு வரி: "யார் வீட்டுப் பிள்ளை இது? தனியாகச் சுற்றுகிறது. பெற்றவர்களுக்குப் பொறுப்பு வேண்டாமா?" அரை மணி நேரத்தில் 23 பதில்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று இரண்டு பேர். இந்தக் காலத்து அம்மாக்களுக்குக் கைத்தொலைபேசிதான் பிள்ளை என்று ஒருவர்.

அது என் பிள்ளை. வயது 8, தொடக்கநிலை 2. அவள் சுற்றவில்லை. கீழ்த்தளத்துச் சின்னக் கடையான மாமா கடையில் தேங்காய்ப் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அனுப்பியது நான்தான். அந்த நேரத்தில் என் கையில் கைத்தொலைபேசி இல்லை, கரண்டி இருந்தது.

அன்றைக்கே பதில் எழுதினேன். எழுதி அழித்தேன், மறுபடியும் எழுதி அழித்தேன். கோபத்தில் எழுதினால் அடுத்த பொங்கலுக்குப் பானை வைக்க ஆள் இருக்காது என்று என் கணவர் சொன்னார். சரி என்று ஒரு மாதம் ஆறப் போட்டேன். படம் எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. போன வருடம் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்தபோது மிளகு ரசம் வைத்து வாசலில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். அந்த அக்கறையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால்தான் குழுவை விட்டு விலகாமல் இந்த மடலை எழுதுகிறேன்.

படத்தைவிட எனக்கு வலித்தது அதற்கு அப்புறம் நடந்தது. படம் வந்த சில நிமிடங்களில் குழுவைப் பார்த்த இன்னொருவர் கீழே போய், அவள் கையைப் பிடித்து 11ஆம் மாடி வரை கொண்டுவந்து விட்டார். வரும் வழியில், "இனிமே அம்மா இல்லாம கீழ வரக்கூடாது, புரியுதா?" என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். பிள்ளை பையை மேசைமேல் வைத்தாள். மீதிச் சில்லறையை அடுக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, நான் தப்புப் பண்ணிட்டேனா?" அதற்குப் பிறகு இரண்டு வாரம் தபால் பெட்டிக்குக்கூடப் போகவில்லை.

அவளை அனுப்புவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எட்டு மாதம் பாடம் நடந்தது என்பது அந்தப் படத்தில் தெரியாது. ஆகவே சொல்கிறேன்.

முதலில் லிஃப்ட். அவளைத் தனியாக ஒன்றில் அனுப்பிவிட்டு நான் அடுத்ததில் இறங்குவேன். உள்ளே ஏறுகிறவரைப் பார்த்து மனசுக்கு ஒப்பவில்லையா, காரணம் சொல்ல வேண்டாம், மரியாதை பார்க்க வேண்டாம், வெளியே வந்துவிடு. வேறு லிஃப்ட் வரும். நடுவில் நின்றுவிட்டால் மணிப் பொத்தானை அழுத்து, கதவை நோண்டாதே. அது பழகியதும் தபால் பெட்டி. சாவியைக் கொடுத்துக் கடிதம் எடுத்துவரச் சொன்னோம். முதல் தடவை கடிதங்களை எடுத்துக்கொண்டு சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடிதங்களை மறந்துவிட்டாள். மூன்றாம் தடவை இரண்டும் வந்தன, கூடவே பக்கத்து வீட்டுக்காரரின் விளம்பரத் தாள்களும்.

பிறகு கார் நிறுத்துமிடத்து வாசல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பயப்படுவது ஒன்று, நான் பயப்படுவது வேறு. சாலைச் சந்திப்பில் விளக்கு இருக்கிறது, பச்சை மனிதன் வரும் வரை நிற்கலாம். நம் பல மாடி கார் நிறுத்தத்தின் வாசலில் எதுவும் இல்லை. தடைக்கம்பி தூக்கியதும் கார் வேகமெடுக்கும். இடப்பக்கம் திரும்பப் போகிற ஓட்டுநர் வலப்பக்கத்திலிருந்து வேறு கார் வருகிறதா என்றுதான் பார்ப்பார். இடப்பக்க நடைபாதையில் வருகிற 120 சென்டிமீட்டர் உயரப் பிள்ளை அவர் கண்ணில் படவே படாது. அந்த வாசலில் நானும் அவளும் ஆறேழு மாலைகள் வேலை வெட்டி இல்லாதவர்கள் மாதிரி நின்று கார்களை வேடிக்கை பார்த்தோம். பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தால் அந்தக் கார் பின்பக்கமாக வரப் போகிறது. நிற்கிற கார் என்றாலும் முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார். ஓட்டுநரின் கண்ணைப் பார். அவர் கண் உனக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. இப்போது என்னோடு நடந்து வரும்போது அவள்தான் என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

கடைசியாகத்தான் கடை. முதல் நாள் என் கணவர் அவளுக்குத் தெரியாமல் கீழ்த்தளத்தில் தூணுக்குத் தூண் ஒளிந்து பின்னாலேயே போனார். கோப்பிக்கடை அங்கிள் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, யாருக்கோ கடன் பாக்கியா என்று கேட்டாராம். இரண்டாம் நாள் அவர் போகவில்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று கதை விட மாட்டேன். ஒரு தடவை 10 வெள்ளி நோட்டைத் தொலைத்தாள். இன்னொரு தடவை, ஏதோ பூனையைப் பார்த்துக்கொண்டே நடந்து, பக்கத்துப் புளோக்கில், அதாவது பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தில், ஏறிவிட்டாள். 11ஆம் மாடியில் அதே இடத்தில் வேறு யாரோ ஒருவருடைய கதவு. அழுதுகொண்டே இறங்கியிருக்கிறாள். கீழே நம் பேட்டையைத் துப்புரவு செய்யும் அண்ணன் இருந்திருக்கிறார். அவர் அவள் கையைப் பிடிக்கவில்லை. "எந்த நம்பர் புளோக் பாப்பா?" என்று கேட்டார். சொன்னாள். அண்ணாந்து பார் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைக் காட்டினார். அவ்வளவுதான். அவளே எண்ணைப் பார்த்துப் பார்த்து வீடு வந்து சேர்ந்தாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது அழுத பகுதி காணாமல் போயிருந்தது.

நான் வளர்ந்தது அங் மோ கியோவில். 1994ல் எனக்கு 7 வயது. எங்கள் வீடு 7ஆம் மாடி. லிஃப்ட் 5லும் 9லும்தான் நிற்கும். 2001ல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் பழைய புளோக்குகளில் மாடிக்கு மாடி நிற்க ஆரம்பித்தது. ஆகவே எங்கே போனாலும் இரண்டு மாடிப் படி, வழியில் நாலு வீட்டு வாசல். கதவுகள் திறந்திருக்கும். மலாய்க்கார மக்சிக் (ஆன்ட்டி) ஒருவர் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் "கடைக்கா? எனக்கும் ஒரு தீப்பெட்டி" என்று காசு நீட்டுவார். யாரும் என் அம்மாவைத் தேடவில்லை. கீழே மாமா கடை. இந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு எப்போதுமே ஒரு பெருமை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாத சீன நண்பர்கள்கூட 'மாமா ஷாப்' என்கிறார்கள். புளோக்குக்குக் கீழே இருக்கும் சின்னக் கடைக்கு இந்த நாடே நம் உறவுப் பெயரை வைத்திருக்கிறது. மாமாவிடம் பிள்ளையை அனுப்பத்தானே அந்தப் பெயர்?

அந்தக் காலத்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1986ல் 12 வயது மாணவர்கள் இரண்டு பேர் காணாமல் போனார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் வளர்ந்தோம். 2004ல் பாசிர் பாஞ்சாங் மொத்தவிற்பனைச் சந்தையில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி கொலை செய்யப்பட்டாள். என் மகளின் வயது. அதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. ஆனால் அந்தக் குழந்தையைக் கொன்றவர் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவர். தெரியாதவரிடம் பேசாதே என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு அங்கே அந்தப் பாடம் உதவாது. அதனால் எங்கள் வீட்டு விதி வேறு: தெரிந்தவரோ தெரியாதவரோ, மாமாவோ சித்தப்பாவோ, வழி மாறி யாரோடும் போகக் கூடாது; அம்மா அப்பாவைக் கேட்டுவிட்டுத்தான். உதவி வேண்டுமென்றால் கடைக்காரரிடமோ, பிள்ளையோடு இருக்கும் பெண்ணிடமோ நீயாகப் போய்க் கேள். நீ போய்க் கேட்கலாம், உன்னைத் தேடி வருகிறவரிடம்தான் எச்சரிக்கை. அவள் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தவர், அவரை அறியாமலே, இந்த விதியைத்தான் உடைத்தார். தெரிந்த ஆன்ட்டி கையைப் பிடித்தால் பேசாமல் கூடப் போக வேண்டும் என்று அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டாள்.

குறைந்த குற்றம் என்றால் குற்றமே இல்லை என்று அர்த்தமில்லை எனப் போலீஸ் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. ஒப்புக்கொள்கிறேன். அதே போலீஸ்தான் 2012ல் தொடங்கி 2016க்குள் சுமார் 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளிலும் பல மாடி கார் நிறுத்தங்களிலும் கேமரா பொருத்தியது. நம் லிஃப்ட் வாசலிலும் ஒன்று இருக்கிறது. கேமராவை நம்பிப் பிள்ளையை அனுப்புகிற ஆள் இல்லை நான். உங்களை நம்பித்தான் அனுப்பினேன்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அந்த நாலு பேருக்குப் பயந்தே பாதி வாழ்க்கை போயிற்று. ஆனால் எனக்கு அந்த நாலு பேர் வேண்டும். கோப்பிக்கடை அங்கிள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற இரண்டாம் மாடி அக்கா, துப்புரவு அண்ணன், கடை மாமா. அவர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம் இல்லாவிட்டால் நான் 11ஆம் மாடியிலிருந்து ஒரு பிள்ளையைக் கீழே விடவே மாட்டேன்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும், கேட்காமல் விட்டால் தூக்கம் வராது. என் மகனுக்கு இப்போது 12 வயது. அவன் 9 வயதில் பந்தைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கீழே போவான். கால்பந்து விளையாடக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே விளையாடுவான். அதற்காகத் திட்டு வாங்கினான், நியாயமான திட்டு. ஆனால் யாரும் அவனைப் படம் எடுத்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. இவளை மட்டும் கேட்டீர்கள். என் மாமியாரும் இதையேதான் சொன்னார்: "பொம்பளப் பிள்ளைய இப்படியா விடுவே?" அவரிடம் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அவர் 19 வயதில் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து தனியாக விமானம் ஏறி, ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் இங்கே வந்து இறங்கியவர். அந்தத் துணிச்சலைத்தான் பேத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப் பார்க்கிறேன், 19 வயதில் ஒரே நாளில் வேண்டாமே என்று.

நம் ஊர் வழக்கமும் விசித்திரம்தான். தொடக்கநிலை 1 பதிவு வந்தால், முன்னுரிமை கிடைக்கப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்று தவம் கிடக்கிறோம், வீட்டையே மாற்றுகிறவர்கள் உண்டு. இடம் கிடைத்ததும் அந்த ஒரு கிலோமீட்டருக்கும் காரில் கொண்டுபோய் விடுகிறோம். ஈஸ்ட் கோஸ்ட்டில் இருக்கும் சாலைப் பாதுகாப்புப் பூங்காவுக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப் போகிறார்கள். குட்டிச் சாலை, குட்டி விளக்கு, அங்கே எல்லாப் பிள்ளையும் அழகாகச் சாலையைக் கடக்கிறது. உண்மையான சாலைக்கு வந்ததும் பணிப்பெண் கையைப் பிடித்துக்கொள்கிறது. 2011ல் ஒரு படம் பரவியது நினைவிருக்கிறதா? ராணுவச் சீருடையில் ஓர் இளைஞர் முன்னால் நடக்க, அவருடைய பையைப் பணிப்பெண் சுமந்துகொண்டு பின்னால் வருவார். நாடே சிரித்தது. பையைத் தூக்கத் தெரியாத பிள்ளையையும் படம் எடுக்கிறோம், பையோடு தனியாகப் போகிற பிள்ளையையும் படம் எடுக்கிறோம். பெற்றவர்கள் எதைத்தான் செய்ய?

கண்ணாடி விஷயமும் இருக்கிறது. என் மகள் 7 வயதிலேயே கண்ணாடி போட்டுவிட்டாள். கிட்டப்பார்வை வராமலிருக்க, வந்தால் கூடாமலிருக்க, பிள்ளைகள் நாளைக்கு இரண்டு மணி நேரமாவது வெளிச்சத்தில், வெளியில் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால்தான் வெளியே என்றால், அந்த இரண்டு மணி நேரம் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும்.

2023ல் இந்த நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 0.97. சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. கீழ்த்தளத்தில் பத்துப் பிள்ளைகள் ஓடிய காலத்தில் தனியாக ஒன்று கடைக்குப் போனால் யார் கண்ணிலும் படாது. இப்போது ஒரே ஒரு பிள்ளை நடந்தால் அது காட்சியாகிவிடுகிறது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்ற ஒரு பையனிடம் போய், "உங்க அம்மா எங்க?" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டேன். அவனுக்கு 9 வயது இருக்கும். முகம் சுண்டிப்போய், "வேலையில" என்றான். பேருந்து வந்ததும் அட்டையைத் தட்டிவிட்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அவனுக்கு எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம் எல்லாம் தெரிந்திருந்தது. அவனிடம் நான் கேட்டது கேள்வியே இல்லை, அவன் அம்மாவைத் திட்டியதுதான். அந்த அம்மா யாரென்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்பேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தனியாக வரும் பிள்ளையைப் பார்த்தால் முதலில் அதன் நடையைப் பாருங்கள். போகிற இடம் தெரிந்து நடக்கிற பிள்ளைக்கும் தொலைந்துபோய்த் திரிகிற பிள்ளைக்கும் நடையிலேயே வித்தியாசம் தெரியும். தெரிந்து நடக்கிற பிள்ளைக்கு ஒரு சிரிப்புப் போதும், "என்னம்மா, கடைக்கா?" போதும். சந்தேகமாக இருந்தால் துப்புரவு அண்ணன் கேட்ட மாதிரி கேளுங்கள். அழுகிறாளா, அடிபட்டிருக்கிறாளா, யாராவது அவளைத் தொந்தரவு செய்கிறார்களா, உடனே போங்கள், என்னைக் கூப்பிடுங்கள். என் எண் அந்த மஞ்சள் பைக்குள் துணியில் தைத்திருக்கிறது. என்னைத் திட்ட வேண்டுமென்றாலும் அதே எண்தான், தாராளமாகத் திட்டலாம், பிள்ளை காதில் விழாமல்.

படம் மட்டும் வேண்டாம். நம் குழுவில் 140 பேர் இருக்கிறோம், பாதிப் பேரை எனக்கு முகம்கூடத் தெரியாது. என் மகள் சனிக்கிழமை காலை எந்த லிஃப்ட் பக்கம் தனியாக நிற்பாள் என்பதை அந்தப் படம்தான் அத்தனை பேருக்கும் சொன்னது. அங்கிருந்து அது எந்தெந்தக் குழுவுக்குப் போயிற்றோ. அவளைக் காப்பாற்ற நினைத்து எடுத்த படம் என்று தெரியும். ஆனால் அந்தப் படத்துக்காகவே இப்போது வழியையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

வசிப்போர் கட்டமைப்பில் (பேட்டைவாசிகளின் தன்னார்வக் குழுவில்) இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேலை. கார் நிறுத்த வாசலில் ஒரு குவிகண்ணாடியும் தரையில் மெதுவாக என்ற எழுத்தும் வேண்டும் என்று நகர மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒருத்தி எழுதினால் ஒரு கடிதம். நீங்களும் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும். படிவம் மாமா கடையில் இருக்கிறது, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில். கடைக்காரர் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

இன்னொன்று, ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சின்னப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு வரிசையாக நடந்தே பள்ளிக்குப் போவார்கள். நம் புளோக்கில் என் மகள் படிக்கும் பள்ளிக்கே போகிற தமிழ்ப் பிள்ளைகளே நாலு பேர் இருக்கிறார்கள். காலை 7 மணிக்கு லிஃப்ட் வாசலில் ஒன்றுசேர்ந்தால் 10 நிமிட நடை. முதல் மாதம் நான் கூட நடக்கத் தயார், இருபதடி பின்னால். மூன்றாம் மாடி அண்ணியும் நானும் இதைப் பற்றி ஏற்கெனவே பேசிவிட்டோம். அவருக்குக் கொஞ்சம் தயக்கம். அவசரமில்லை.

போன வாரம், இரண்டு வார மௌனத்துக்குப் பிறகு, மகளே வந்து கேட்டாள், கறிவேப்பிலை வாங்கணுமா என்று. ஃப்ரிட்ஜில் ஒரு கட்டு இருந்தது. இல்லை, தீர்ந்துபோச்சு என்றேன்.

அதனால் இனி அவள் மறுபடியும் கீழே வருவாள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று இந்த முறை சொல்லப் போவதில்லை. கையில் அதே மஞ்சள் பை இருக்கும். பார்த்தால் சிரியுங்கள். மீதிச் சில்லறை சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அங்கேயே நின்று ஐந்து காசு வரை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் நகருவாள், இங்கே எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்.

அன்புடன்,
11ஆம் மாடியிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் அம்மா